நாலு நாள் குறைவு

பாட்டுக் கச்சேரி நடக்கிற இடத்துக்கு வாசல்காப்பாளர் வேண்டுமென்றால் எல்லாரும் மலை மாதிரி ஓர் ஆளைத்தான் தேடுவார்கள். இந்த அரங்கின் வாசலில் நின்றதோ ஐந்தடிக்கும் குறைவான ஒரு பெண்மணி. வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடி, தட்டைச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. தண்ணீர் பாட்டிலும் இருமல் மிட்டாயும் அந்தப் பையை விட்டு இறங்கியதே இல்லை. பாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டேப்பக்கா.

பாட்டு கேட்கிற பழைய டேப்பால் வந்த பெயர் என்று பலர் நினைத்தார்கள். அது இல்லை. இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருடம் பள்ளிச் சீருடைக் கடையில் பிள்ளைகளுக்கு அளவெடுத்தவள் அவள். கழுத்தில் இஞ்சு டேப்பு மாலை மாதிரி கிடக்கும். அந்த ஊரில் பாதிப் பேருடைய முழங்காலும் முழங்கையும் எந்த வருடம் எவ்வளவு வளர்ந்தன என்பது அவளுக்கு அத்துப்படி. பள்ளிகள் சீருடையைத் தாங்களே மொத்தமாக வாங்கிக் கொடுக்க ஆரம்பித்ததும் கடைக்குப் பூட்டு விழுந்தது. அவள் வேலை தேடி அலைந்த அதே மாதத்தில்தான் அரங்கு முதலாளிக்கும் ஒரு தலைவலி வந்தது.

அரங்கில் மது விற்பார்கள். அதனால் பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. வாசலில் அப்போது நின்ற மலைமனிதர் பார்க்கத்தான் பயங்கரம், மனசு வெண்ணெய். கண் மையால் மீசை வரைந்துகொண்டு வந்த பையனிடம், "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். மீசை வியர்வையில் கரைந்து தாடைவரை இறங்கியிருந்தது. அரங்குக்கு நாற்பது நாள் சீல். சமையல்காரர், விளக்குக்காரர், பெருக்குகிற அம்மா என்று பன்னிரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

திறந்த பிறகு வேலை கேட்டு வந்த டேப்பக்காவைப் பார்த்து முதலாளி சிரித்துவிட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, இது வாசல் வேலை. தள்ளுமுள்ளு இருக்கும்."

"தள்ளுறவங்களை நீங்க பாத்துக்கங்க தம்பி. வயசை நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாப்பீங்க?"

அவள் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். எதிர்க்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "நீலச்சட்டை இருபது. அவன் தம்பி பதினாறு, வர்ற மாசம் சட்டை பத்தாது. அந்தப் பொண்ணு பெரியவ மாதிரி நிக்குது, ஆனா பதினஞ்சுதான். கடைசியில நிக்கிறவருக்கு என்னைவிட ரெண்டு வயசு அதிகம், முடிக்குச் சாயம்." முதலாளி ஆளனுப்பி விசாரித்தார். சாயக்காரர் மட்டும் சண்டைக்கு வந்தார். மற்ற மூன்றும் சரி.

அப்படித்தான் அவள் அந்த வாசலுக்கு வந்தாள். ஆறு வருடத்தில் ஒரு பிஞ்சு முகமும் அவளைத் தாண்டி உள்ளே போகவில்லை. அட்டையைப் பார்க்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பெரியவர்கள் அட்டை கேட்டால் எரிச்சல்படுவார்கள், நாலு பையிலும் தேடுவார்கள். சின்னதுகள் கேட்குமுன்பே அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறந்த வருடத்தை ஒப்பிக்கும். பதினைந்து வயதில் தோள் வளர்வதற்குள் கை வளர்ந்துவிடும். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அதற்கே தெரியாது. குதிகால் செருப்பு போட்டாலும் சரி, அப்பாவின் கோட்டை மாட்டினாலும் சரி, கை காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பி அனுப்புவாளே தவிர, ஒருவரையும் விரட்டியதில்லை. "வீட்டுக்குப் போகப் பஸ் இருக்கா?" "அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா?" "தொண்டை கட்டியிருக்கே, இந்தா மிட்டாய்." வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் நேரே வீட்டுக்குப் போகாது. அரங்கின் பக்கவாட்டில் ஒரு சந்து. அங்கே சுவரில் உயரத்தில் ஒரு காற்றுச் சன்னல். அதன் கீழே வரிசையாகச் சாய்ந்து நின்று, கசிந்து வருகிற பாட்டைக் கேட்கும். டேப்பக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். ஆனால் கச்சேரி ஆரம்பிக்குமுன் விளக்குக்காரரிடம் தவறாமல் சொல்வாள்: "உள்ள புழுக்கமா இருக்கு, அந்தச் சன்னலை நல்லாத் திறந்து வைங்க தம்பி." குளிர்காலத்திலும் அவளுக்குப் புழுங்கும்.

அந்தச் சந்துக்கூட்டத்தில் நிரந்தர உறுப்பினர் ஒரு பெண். பதினாலு வயதில் முதன்முதலாக வந்தாள். மூன்று வருடத்தில் சடசடவென்று வளர்ந்து, சுவரில் ஒரு காலை மடித்து ஊன்றி ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் அவளைக் கொக்கு என்றார்கள். கொக்குக்கு எல்லாக் குழுவும் பிடிக்காது. ஒரே ஒரு குழுதான். நாலு பேர் கொண்ட குழு அது. அந்த ஊரிலேயே உருவானது. பாடுகிற பெண் பகலில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவர்கள் கச்சேரி வைத்த நாள் ஒவ்வொன்றிலும் கொக்கு வாசலுக்கு வந்து, "இன்னிக்காவது?" என்பாள். "இன்னும் ஒரு வருஷம், அஞ்சு மாசம்" என்பாள் டேப்பக்கா. கேட்டுக் கேட்டு அவள் பிறந்தநாள் இவளுக்குச் சொந்த மகன் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசியில் குழு கலையப்போவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். டிரம்ஸ் வாசிப்பவருக்கு வெளிநாட்டில் வேலை. வரப்போகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, சாயங்காலம், கடைசிக் கச்சேரி. டேப்பக்கா சுவரொட்டியைப் படித்தாள், விரல்விட்டு எண்ணினாள். அதற்கடுத்த புதன்கிழமைதான் கொக்குக்குப் பதினெட்டு.

அன்று மாலையே கொக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நாலே நாள்."

"பாத்தேன்."

"நாலு நாள்ல நான் என்ன பெரிசா வளந்துடப் போறேன்?"

"வளர மாட்டே. ஆனா சட்டத்துக்குக் கண்ணு கிடையாது கண்ணு, காலண்டர்தான் இருக்கு."

"உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

டேப்பக்கா பைக்குள் கையை விட்டாள். இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினாள். கொக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை வேறு ஏதோ குழுவின் கச்சேரி. வரிசையில் ஓர் உயரமான பெண், தலையைத் தழைய வாரி, உதட்டுச்சாயம் பூசி, தோளில் பெரிய கைப்பை மாட்டிக்கொண்டு வந்து அட்டையை நீட்டினாள். அட்டையில் வயது இருபத்தொன்று. டேப்பக்கா அட்டையைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். சட்டைக்கை முடிந்து இரண்டு அங்குலம் தள்ளி நீட்டிக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள்.

"இது உங்கக்கா அட்டை."

கொக்கு விழித்தாள். "இன்னிக்கு உள்ள போறதுக்கு இல்லக்கா. இந்தக் குழு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அடுத்த வாரத்துக்கு இது வேலை செய்யுதான்னு சும்மா ஒத்திகை பாத்தேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் டேப்பக்காவும் சிரித்திருப்பாள். ஆனால் அவள் கண்முன் வந்தது சீல் வைத்த கதவும் வீட்டில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும்தான். பெருக்குகிற அம்மா அப்போது பட்ட பாடு அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"விளையாட்டா உனக்கு? இது மாட்டினா எத்தனை பேர் பொழப்பு போகும் தெரியுமா? உங்கக்காவையும் சேத்துக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. இனிமே இந்தத் தெருப் பக்கமே நீ வரக்கூடாது. வந்தே, நேரா உங்க வீட்டுக்குப் போன்தான்!"

கொக்கின் முகம் சுருங்கிப்போயிற்று. அட்டையை வாங்கிக்கொண்டு, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே போனாள். சந்துப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தும் டேப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணவர் பஸ் ஓட்டுநர். எதையும் நின்று நிதானமாகத்தான் கேட்பார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரிதான்" என்றார்.

"சரின்னு எனக்குத் தெரியாதா? சரியாச் செஞ்சவளுக்கு ஏன் சோறு இறங்கலைன்னு கேக்கறேன்."

"சின்னதுங்க கெட்டுப்போகக் கூடாதுன்னுதானே அந்தச் சட்டம்? பாட்டு கேட்டா கெட்டுப்போகும்னா சட்டம் சொல்லுது?"

"பாட்டைப் பத்தி சட்டத்துல என்ன எழுதியிருக்கோ, யாரு கண்டா?"

"ஆறு வருஷமா அந்தக் கதவுல நிக்கிறே. நீ படிச்சதில்லையா?"

படித்ததில்லை. அரங்கின் உரிமம் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது சாமி படம் மாதிரி. எல்லாரும் இருக்கிறதென்று தெரிந்து வைத்திருப்பார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மறுநாள் அரங்கு விடுமுறை. திங்கள்கிழமை காலை முதல் ஆளாகப் போனாள். நாற்காலி போட்டு ஏறி, துருப்பிடித்துப் போயிருந்த ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, தூசி தட்டி, மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பொடி எழுத்து. மூன்றாவது ஷரத்தைப் படித்தவள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு சட்டத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

முதலாளி படித்தார்: "மது பரிமாறப்படும் நேரங்களில் பதினெட்டு வயது நிரம்பாத எவரும் அரங்கினுள் அனுமதிக்கப்படலாகாது."

"பரிமாறப்படும் நேரங்களில். எல்லா நேரத்துலயும்னு இல்ல."

"அதுக்கு?"

"கடைசிக் கச்சேரி அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் குழு வந்து வாத்தியம் கட்டி, சத்தம் சரி பாப்பாங்கல்ல? அப்ப பார் பூட்டியிருக்கும். ஒரு சொட்டு ஊத்த மாட்டாங்க. அந்த நேரத்துல சின்னப் பிள்ளைங்க வந்து உக்காந்து கேட்டா எந்தச் சட்டம் தடுக்குது?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். அவர் பயம் வேறு. "பெரியவங்களும் மத்தியானமே வந்து கேட்டுட்டா சாயங்காலம் என் அரங்குல ஈ ஓட்டணும்."

"பெரியவங்களை நான் விட்டாத்தானே?"

அவர் அந்த ஷரத்தின் படத்தை அதிகாரிக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கினார். டேப்பக்கா மருந்துக்கடைக்குப் போய், தலைவலி மாத்திரை வாங்குகிறவர்கள் பின்னால் வரிசையில் நின்று, பாடகியிடம் விஷயத்தைச் சொன்னாள். பாடகி மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே கேட்டாள். "அந்தச் சந்துல யாரோ நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. பாட்டுக்கு நடுவுல நான் நிறுத்தினா, வெளியில இருந்து அடுத்த வரி கேக்கும். வரச் சொல்லுங்க. ஒத்திகை இல்ல, முழுசாவே பாடறோம்."

சந்துப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லியனுப்பியிருந்ததால், சனிக்கிழமை மத்தியானம் இருபது முப்பது பேர் வருவார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். ஒரு மணிக்கே வரிசை தெரு முனையில் திரும்பிவிட்டது. முந்நூறுக்குக் குறையாது. டேப்பக்கா வாழ்க்கையில் முதல்தடவையாக வயது குறைந்தவர்களை உள்ளே விட்டு, நிறைந்தவர்களைத் திருப்பினாள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் குழுவின் பெயர் போட்ட சட்டையோடு வந்து கெஞ்சினார். "அக்கா, எனக்கு மனசுல பதினாறுதான்."

"அப்ப மனசை உள்ள அனுப்புங்க. உடம்பு வெளியில நிக்கட்டும்."

கல்லூரிக்காரன் ஒருவன் பள்ளிப்பை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு பெண் தான் பதினேழு என்று சத்தியம் பண்ணினாள். கையில் கல்யாண மோதிரம். டேப்பக்கா அத்தனை பேரையும் ஒரு பார்வையில் ஒதுக்கினாள். ஆனால் வரிசை குறையக் குறைய அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசிப் பிள்ளையும் உள்ளே போயிற்று. கொக்கு வரவில்லை.

சந்துக்கூட்டத்துப் பெண் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டாள். "அவளுக்குத் தெரியும்க்கா. நான்தான் சொன்னேன். பேக்கரியில வேலைன்னு சொல்லிட்டா."

உள்ளே டிரம்ஸ் அதிர ஆரம்பித்தது. டேப்பக்கா முதலாளியைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்ச நேரம் வாசலைப் பாத்துக்கங்க."

"நானா? எனக்கு வயசு கண்டுபிடிக்கத் தெரியாதே!"

"கையைப் பாருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினாள். பேக்கரி நாலு தெரு தள்ளி. முழங்கால் வலியை மூன்றாவது தெருவில்தான் நினைத்தாள்.

கொக்கு கல்லாவுக்குப் பின்னால், தலையில் வலைத்தொப்பியும் முழங்கைவரை மாவுமாக, ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டேப்பக்காவைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் அந்தப் பக்கம் வரவே இல்லியே அக்கா!" என்றாள் பயத்தோடு.

"அதான் கேக்க வந்தேன். ஏன்டி வரல?"

"நீங்கதானே தெருப் பக்கமே வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

டேப்பக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மூணு வருஷமா நான் எத்தனை சொல்லியிருக்கேன்! வீட்டுக்குப் போன்னேன், போனியா? மழையில நிக்காதேன்னேன், கேட்டியா? சொன்னதெல்லாம் விட்டுட்டு, இந்த ஒண்ணை மட்டும் ஏன்டி கேட்டே?"

கொக்கு உதட்டைக் கடித்தாள். "அன்னிக்கு நீங்க நிஜமாவே கோபமா இருந்தீங்க."

"இருந்தேன். அன்னிக்குக் கோபம் நியாயம்தான். ஆனா எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினது தப்பு. அதனால எனக்கே அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கிளம்பு. உள்ள ஆரம்பிச்சுட்டாங்க."

அடுப்புப் பக்கமிருந்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீங்க? வேலை நேரத்துல பொண்ணை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அண்ணே, ஒரு மணி நேரம். திருப்பிக் கொண்டுவந்து விட்டுடறேன்."

"சாயங்காலத்துக்கு நூறு பன்னு போகணும். யார் அடுக்குறது?"

"நான் வந்து அடுக்கறேன்!" என்றாள் டேப்பக்கா. "பத்தொன்பது வருஷம் சட்டை அடுக்கியிருக்கேன். பன்னு என்ன, சட்டையைவிடக் கஷ்டமா?"

பேக்கரிக்காரர் இவளையும் பார்த்தார், நெட்டையாகக் கண்கலங்கி நின்ற கொக்கையும் பார்த்தார். "போய்த் தொலைங்க" என்றார், பாதிச் சிரிப்போடு. "ஏய், அந்தத் தொப்பியையாவது கழட்டிட்டுப் போ!"

கழற்ற நேரமில்லை. கொக்கின் ஓர் எட்டு, டேப்பக்காவின் மூன்று எட்டு. பாதித் தூரத்தில் கொக்கு டேப்பக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பேர் கையிலும் மாவு. வாசலில் முதலாளி, தாடி வைத்த ஒருவரிடம், "கையைக் காட்டுங்க சார், கையை" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

"நீ உள்ள போ" என்றாள் டேப்பக்கா. கொக்கு கதவருகில் நின்றுவிட்டாள். மூன்று வருடமாகப் பார்த்துப் பழகிய கதவுதான் அது; ஆனால் அதைத் தள்ளித் திறந்ததில்லை. இழுப்பதா தள்ளுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. டேப்பக்கா தள்ளிவிட்டாள், கதவையும் அவளையும்.

ஐந்து பாட்டு முடிந்திருந்தது. மிச்சம் நாலு. டேப்பக்கா வாசலிலேயே இருந்தாள். தாடிக்காரரைத் திருப்பி அனுப்பினாள். உள்ளே பாட்டும் பிள்ளைகளின் குரலும் ஒன்றாகக் கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் பாடகி ஏதோ சொன்னாள், முந்நூறு பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள், தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

வெளியே வந்த கொக்கு அழவில்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"அக்கா, அவங்க செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் பாடுறாங்க! வெறுங்காலோட! அதுவும் கால் கட்டை விரலைத் தூக்கித் தூக்கித் தாளம் போடறாங்க! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே" என்றாள் டேப்பக்கா. நிஜமாகவே தெரியாது. ஆறு வருடமாக அவள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். "இன்னும் சொல்லு."

பேக்கரிவரை கொக்கு சொல்லிக்கொண்டே வந்தாள். கிட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொள்வது, டிரம்ஸ்காரர் குச்சி உடைந்து பறந்து ஒரு பையன் மடியில் விழுந்தது, அவன் அதைக் கொடுக்கமாட்டேன் என்று சட்டைக்குள் ஒளித்துக்கொண்டது. அன்று நூறு பன்னையும் இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். பேக்கரிக்காரர் தட்டிலிருந்து சூடாக இரண்டை எடுத்து அவர்கள் முன் வைத்தார்.

குழு கலைந்துவிட்டது; டிரம்ஸ்காரர் விமானம் ஏறினார். ஆனால் மத்தியானக் கச்சேரி நிற்கவில்லை. மற்றக் குழுக்களும் கேட்டுக்கொண்டு வந்தன. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி, பார் பூட்டிச் சாவி முதலாளி பையில். கொக்கு பதினெட்டு நிரம்பியவளாகிவிட்டதால் அந்த வரிசையில் அவளுக்கு இடமில்லை. "அநியாயம்க்கா" என்று முறையிட்டாள். டேப்பக்கா அவளை விளக்குக்காரருக்கு உதவியாளாகச் சேர்த்துவிட்டாள். ஞாயிறுகளில் மேடைக்குப் பக்கத்தில் ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்புகிறாள். உயரத்துக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை பெற்றோர். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வரவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் மனசில்லாமல் தெருவிலேயே நிற்கிறார்கள். டேப்பக்கா அரங்குக்குள் இருந்து பத்துப் பதினைந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டாள். போன மாதம் ஒரு தகப்பனார் நாற்காலியில் நெளிந்து நெளிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, தாங்கமுடியாமல் அவளிடம் கேட்டார்.

"ஏங்க, உள்ள ஒரே இரைச்சலா இருக்கே. இதுல என்னதான் இருக்குன்னு இதுங்க இப்படி உருகுதுங்க?"

"எனக்கும் ரொம்ப நாள் புரியலை சார்" என்றாள் டேப்பக்கா. "அந்தச் சந்துல போய் அஞ்சு நிமிஷம் நில்லுங்க. சன்னல் திறந்திருக்கு."

அவர் சந்தேகத்தோடு எழுந்து போனார். கால் மணி நேரம் ஆகியும் திரும்பி வரவில்லை. அவர் நாற்காலியில் வேறொரு அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார்.